பதிவேடும் நோயாபத்தும்: படைவீரர், புகைப்போர், பெண்டிர் பற்றிய நலவாய்வுகளின் வரலாறு

முன்னுரை

புகைத்தல் நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கும் என்பது இன்று தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். அச்செய்தி எவ்வாறு உறுதி செய்யப்பட்டது, யாரைக் கொண்டு உறுதி செய்யப்பட்டது என்னும் வினாக்கள் மருத்துவத்தைவிட வரலாற்றுக்கே மிகவும் உரியன. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் நடைபெற்ற பெரும் ஆய்வுகளை நோக்குமிடத்து, அவற்றில் எண்ணப்பட்டோர் பெரும்பாலும் ஆடவர் என்பதும் அவ்வாடவருள் கணிசமானோர் முன்னாள் படைவீரர் என்பதும் புலனாகின்றன. பெண்கள் மிகவும் பிந்தியே எண்ணப்பட்டனர்.

இந்நிலைக்கு ஆய்வாளர்களின் ஆண்சார்புப் போக்கே முழுக் காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. அப்போக்கு இருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும், பல்லாயிரம் பேரின் வாழ்வையும் இறப்பையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர விழையும் ஆய்வாளருக்கு முதற்கண் வேண்டுவது ஒரு நம்பகமான பெயர்ப்பட்டியல். பட்டியலில் உள்ளவர் எங்கு வாழ்கிறார், எப்போது இறந்தார், எதனால் இறந்தார் என்பதை யாரேனும் ஒருவர் வேறொரு காரணத்திற்காக ஏற்கெனவே குறித்து வைத்திருத்தல் வேண்டும். அத்தகைய பதிவேடுகள் யாரைக் கொண்டிருந்தனவோ அவரே ஆய்வுக்கு உட்பட்டனர். பதிவேட்டில் பெண்கள் இல்லாமையும், பெண்கள் புகைக்கத் தொடங்கிய காலம் பிந்தியமையும் ஒன்றுசேர்ந்து, 'பெண்களுக்குப் புகையால் தீங்கு குறைவு' என்னும் தோற்றத்தைப் பல பத்தாண்டுகளுக்கு நிலைபெறச் செய்தன. இத்தோற்றம் உருவாகிக் கலைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மருத்துவமனையிலிருந்து மருத்துவர் பதிவேட்டிற்கு

தொடக்ககால ஆய்வுகள் மருத்துவமனைக் கட்டில்களிலிருந்து தொடங்கின. 1939இல் செருமனியின் கொலோன் நகரில் பிரான்சு எர்மான் முல்லர் நுரையீரல் புற்றுநோயால் இறந்த 86 ஆடவரின் புகைப்பழக்கத்தை அதே எண்ணிக்கையிலான நலமுற்ற ஆடவரின் பழக்கத்தோடு ஒப்பிட்டார். போர்க்காலச் செருமானிய ஆய்வுகள் போருக்குப் பின் ஏறத்தாழ மறக்கப்பட்டன. 1950இல் அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் இருவரும், இலண்டனில் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் இருவரும் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டனர்.

டாலும் ஹில்லும் இலண்டனின் இருபது மருத்துவமனைகளில் 709 நுரையீரல் புற்றுநோயாளரையும் வேறு நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த 709 பேரையும் ஒப்பிட்டனர். நோயுற்ற 709 பேரில் ஆடவர் 649, பெண்டிர் 60. அந்த 649 ஆடவருள் புகைக்காதவர் இருவரே. ஒப்பீட்டுக் குழுவில் 27 பேர். பெண்களிடம் இவ்வேறுபாடு இத்துணைக் கூர்மையாக இல்லை. நோயுற்ற 60 பெண்களுள் 19 பேரும், ஒப்பீட்டுக் குழுவின் 60 பேருள் 32 பேரும் புகைக்காதவர்கள். ஆணைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஐயத்திற்கு இடமற்ற சான்று; பெண்ணைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு மட்டும். இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் நலம். பின்வரும் முப்பதாண்டுக் காலக் குழப்பத்தின் வித்து இங்கேயே உள்ளது.

மருத்துவமனை ஆய்வுகளுக்கு ஒரு குறை இருந்தது. நோயுற்றபின் ஒருவர் தம் பழக்கத்தைக் கூறும்போது நினைவு பிறழலாம். கேட்பவரின் எதிர்பார்ப்பும் விடையில் கலக்கலாம். ஆகவே நலமாக இருப்பவரிடம் முதலில் கேட்டு, பின்னர் அவரைத் தொடர்ந்து நோக்கும் முறை தேவைப்பட்டது. அதற்கு ஹில் தெரிந்தெடுத்தது பிரித்தானிய மருத்துவர் பதிவேடு. பதிவு பெற்ற மருத்துவர் யாவர், அவருள் இறந்தவர் யாவர் என்பது அப்பதிவேட்டின்வழித் தெரியவரும். 1951 அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ 59,600 மருத்துவர்களுக்கு ஒரு பக்க வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. பயன்படத்தக்க விடையளித்தோர் 40,000க்குச் சற்று மிகையானோர். அவருள் 34,439 ஆடவரும் 6,194 பெண்டிரும் ஆய்வில் தொடர்ந்து நோக்கப்பட்டனர்.

1954இல் வெளிவந்த முதல் அறிக்கை முப்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன ஆடவரை மட்டுமே கணக்கில் கொண்டது. பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் அரிதாகவே காணப்பட்டது என்பதே காரணம். புள்ளியியல் நோக்கில் அது நேர்மையான முடிவு. ஆயினும் விடை எழுதி அனுப்பிய அந்த 6,194 பெண் மருத்துவர்களைப் பற்றிய தனி அறிக்கை வெளிவருவதற்கு 1980ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது நோக்கத்தக்கது.

படைவீரரின் காப்புறுதி ஏடு

அமெரிக்க ஆய்வுகளுள் பதிவேட்டின் ஆற்றலை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹெரால்டு டோர்ன் தொடங்கிய முன்னாள் படைவீரர் ஆய்வாகும். இவ்வாய்வின் வேர் 1917ஆம் ஆண்டில் உள்ளது. அமெரிக்கா முதல் உலகப்போரில் நுழைந்த அவ்வாண்டில், படையில் சேர்ந்தோர்க்கு அரசே ஆயுள் காப்புறுதி வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. காப்புறுதியின் உச்சவரம்பு 10,000 டாலர். போர் முடிந்ததும் பலர் சந்தா கட்டுவதைக் கைவிட்டனர். சிலர் தொடர்ந்தனர். அவ்வாறு தொடர்ந்தோர் பெயர்கள் முன்னாள் படைவீரர் நிருவாகத்துறையின் ஏடுகளில் பல்லாண்டுகள் காக்கப்பட்டன.

1954 சனவரியில் டோர்ன் இவ்வேட்டைக் கையிலெடுத்தார். பத்திரம் வைத்திருந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு வினாப்பட்டியல் அஞ்சலில் சென்றது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் விடையளித்தனர். 1957இல் விடையளிக்காதோர்க்கு மீண்டும் அனுப்பப்பட்டபோது ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் இணைந்தனர். அதன்பின் ஆய்வாளர் வீடுவீடாகச் செல்ல வேண்டியிருக்கவில்லை. படைவீரர் இறந்ததும் குடும்பத்தார் காப்புறுதித் தொகையைக் கோருவர். கோருவதற்கு இறப்புச் சான்றிதழை இணைத்தே ஆகவேண்டும். சான்றிதழில் இறப்பின் காரணம் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் இறந்தும் ஆய்வாளருக்குத் தெரியாமற்போவது இவ்வமைப்பில் அரிதினும் அரிது. பணத்திற்காக ஏற்பட்ட ஒழுங்கு அறிவியலுக்குப் பயன்பட்டது.

இதனினும் நுட்பமான பயன் ஒன்றுண்டு. விடையே அளிக்காதவரின் இறப்பையும் இவ்வேடு காட்டிக் கொடுத்தது. விடையளித்தோரைவிட விடையளிக்காதோர் மிகுதியாக இறந்தனர் என்பதை அதன்வழியே அறிய முடிந்தது. அஞ்சல்வழி ஆய்வுகளில் நலமுற்றோரே விடையெழுத முன்வருவர் என்னும் ஐயத்தை மேயோ மருத்துவமனைப் புள்ளியியலாளர் சோசப் பெர்க்சன் போன்றோர் வலுவாக எழுப்பிய காலத்தில், அவ்வையத்தை ஊகத்தால் அன்றி எண்களால் எதிர்கொள்ள இவ்வேடு வாய்ப்பளித்தது.

டோர்ன் 1963இல் மறைந்தார். எட்டரை ஆண்டுக் கால முடிவுகளை ஹெரால்டு கான் 1966இல் வெளியிட்டார். சிகரெட் புகைத்த படைவீரரிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு, புகைக்காதோரைவிடப் பத்து மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. வியப்புக்குரியது யாதெனில், மிகையான இறப்புகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது புற்றுநோய் அன்று, இதயநோய். இதயநோய் எல்லாரிடமும் பரவலாக இருந்தமையால் சிறிய மடங்கே பேரெண்ணிக்கையாகப் பெருகியது.

இவ்வாய்வைப் படிக்கும்போது மனத்தை உறுத்துவது வேறொரு செய்தி. இந்த ஏட்டில் இடம்பெற்ற பலரும் முதல் உலகப்போரில் பணியாற்றியவர். 1918இல் அமெரிக்கப் படை புகையிலையையும் வீரர்க்குரிய உணவுப் பங்கீட்டின் பகுதியாக்கியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் உணவுப் பொட்டலங்களுக்குள்ளேயே சிகரெட்டுகள் வைக்கப்பட்டன. 1975இல்தான் அவ்வழக்கம் நின்றது. சிகரெட்டைக் கையில் கொடுத்ததும், காப்புறுதி ஏட்டில் பெயரை எழுதியதும், பின்னர் அவ்வேட்டைக் கொண்டு இறப்பை எண்ணியதும் ஒரே அரசின் மூன்று கைகள். ஒரு கை செய்வதை மற்றொரு கை அறிய நாற்பதாண்டுகள் ஆயின.

பெண்கள் இவ்வேட்டில் முற்றிலும் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் தரைப்படை, கடற்படைத் தாதியர் பிரிவுகளைச் சேர்ந்த பெண்களுக்கும் காப்புறுதி உரிமை வழங்கியிருந்தது. ஆயின் அவர்தம் எண்ணிக்கை மிகச் சிறிதாதலின் ஆய்வின் முடிவுகள் ஆடவரைப் பற்றியனவாகவே அமைந்தன. ஏட்டில் இருந்தோர் பெரும்பாலும் வெள்ளையர், நடுத்தர வருவாயினர் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

1964ஆம் ஆண்டு அறிக்கையில் இல்லாத பெண்

1964 சனவரி 11ஆம் நாள் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் லூதர் டெரி புகைத்தலும் நலமும் பற்றிய புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். அதனை ஆக்கிய பத்து வல்லுநரும் ஆடவர். அவர்கள் அடிப்படையாகக் கொண்ட தொடர்நோக்கு ஆய்வுகள் ஏழு; அவற்றில் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 11,23,000 ஆடவர். அவ்வேழனுள் மூன்று, படைவீரர் ஆய்வுகள்: டோர்னின் ஆய்வு, கலிபோர்னிய முன்னாள் படைவீரர் சங்க உறுப்பினர் ஆய்வு, கனடாவில் ஓய்வூதியம் பெற்ற முன்னாள் படைவீரர் ஆய்வு. ஓய்வூதியம், சங்க உறுப்புரிமை, காப்புறுதி ஆகிய மூன்றும் பெயர்ப்பட்டியலைத் தரும் அமைப்புகள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையின் மையத் தீர்ப்பு, சிகரெட் புகைத்தல் ஆடவரிடையே நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பது. பெண்களைப் பற்றிய தரவுகள் குறைவாயினும் அவையும் அதே திசையைச் சுட்டுகின்றன என்று மட்டும் அறிக்கை உரைத்தது. வல்லுநர் தம்மிடம் உள்ள சான்றைக் கடந்து பேச மறுத்தமை பாராட்டத்தக்கதே. ஆயினும் பொதுமக்களின் செவியில் அது வேறாக ஒலித்திருக்கக்கூடும். 'ஆடவரிடையே காரணமாகிறது' என்னும் தொடரைப் படிக்கும் பெண், தாம் அதற்கு அப்பாற்பட்டவர் எனக் கொள்ள இடமுண்டு.

அவ்வாறு கொள்ளத் தூண்டியோரும் இருந்தனர். 1929இல் நியூயார்க்கு உயிர்ப்பு ஞாயிறு ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட் ஏந்தி நடக்கச் செய்து, அதனை விடுதலையின் தீப்பந்தம் என விளம்பரப்படுத்தினார் எட்வர்டு பெர்னேசு. 1964ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்து நான்கே ஆண்டுகளில், 1968இல், பெண்களுக்கெனவே வர்ஜினியா சிலிம்ஸ் என்னும் மெல்லிய சிகரெட் சந்தைக்கு வந்தது; பெண்ணுரிமை இயக்கத்தின் சொற்களே அதன் விளம்பரச் சொற்களாயின. 1965இல் அமெரிக்க ஆடவருள் ஏறத்தாழ 52 விழுக்காட்டினரும் பெண்டிருள் 34 விழுக்காட்டினரும் புகைத்தனர். மூன்று பெண்களுள் ஒருவர் புகைத்த ஒரு நாட்டில், பெண்ணைப் பற்றிய சான்று குறைவு என்பது சிறிய செய்தி அன்று.

மடங்கு மாறிய கதை

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1952இல் தொடங்கிய முதல் ஆய்வில் ஒன்பது மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,88,000 ஆடவர் மட்டுமே இடம்பெற்றனர். 1959இல் அது தொடங்கிய அடுத்த ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். மொத்தம் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர். அரசு ஏட்டை நம்பாமல், சங்கத்தின் தொண்டர்கள் தத்தம் உறவினரையும் அண்டை வீட்டாரையும் பதிந்து ஆண்டுதோறும் விசாரித்து வந்தமையால் இது இயன்றது. வேறொரு வகையான பதிவேட்டைத் தொண்டர்களே உருவாக்கினர் எனலாம்.

அவ்வாய்வு காட்டியது யாது? புகைக்கும் ஆடவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காத ஆடவரைவிட ஏறத்தாழ 12 மடங்கு. புகைக்கும் பெண்ணுக்கோ 2.7 மடங்கு மட்டுமே. இவ்வெண்ணைக் காண்பவர், பெண்ணுடல் புகையைத் தாங்கும் திறன் மிக்கது என முடிவு செய்யக்கூடும். இயற்கைப் பாதுகாப்பு உண்டு என்னும் கருத்து மருத்துவ வட்டாரங்களிலும் நிலவியது.

அச்சங்கம் 1982இல் மூன்றாம் ஆய்வைத் தொடங்கியது. அதில் புகைக்கும் பெண்ணுக்குரிய மடங்கு ஏறத்தாழ 12.6 ஆக உயர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டிற்குப் பிந்திய பத்தாண்டுகளுக்குரிய பல ஆய்வுகளைத் தொகுத்து மைக்கேல் தன் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் அது ஏறத்தாழ 25.7ஐ எட்டியது, ஆடவர்க்குரிய எண் 25. ஐம்பதாண்டுகளில் பெண்ணுடல் மாறிவிடவில்லை. மாறியது பெண்ணின் புகைப்பு வரலாறு. 1960இல் எண்ணப்பட்ட பெண்கள் பலர் நடுவயதில் புகைக்கத் தொடங்கியவர், ஒரு நாளில் சிலவே புகைத்தவர். 1980களில் எண்ணப்பட்டவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதன்பின்னும் தொடங்கியவர். 2000ஆம் ஆண்டிற்குப் பின் எண்ணப்பட்டவர் பதின்ம வயதிலேயே ஆடவரைப்போலத் தொடங்கியவர். புகைத்தலின் முழுத் தீங்கு வெளிப்பட நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வேண்டும். அந்த இடைவெளியில் பெண்ணை அளந்தவர், நிறைவடையாத ஒரு வரலாற்றை அளந்தனர்.

பிரித்தானிய மருத்துவர் ஆய்விலும் இதே நிலையைக் காணலாம். 1980இல் வெளியான பெண் மருத்துவர் அறிக்கை, அவர்கள் ஆடவரைவிடப் பிந்திய வயதில் தொடங்கியோர் என்பதைக் கருத்திற்கொண்டே முடிவுகளை விளக்க வேண்டியிருந்தது. 2004இல் வெளிவந்த ஐம்பதாண்டு அறிக்கை ஆடவரைப் பற்றியது: வாழ்நாள் முழுதும் புகைத்தோர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தனர், முப்பது வயதில் விட்டவர் அப்பத்தாண்டையும், நாற்பதில் விட்டவர் ஒன்பதையும், ஐம்பதில் ஆறையும், அறுபதில் மூன்றையும் மீட்டனர். பெண்ணைப் பற்றி இதற்கிணையான விடை கிடைக்க மேலும் எட்டாண்டுகள் ஆயின. 1996 முதல் 2001 வரை பிரித்தானிய மார்பகப் பரிசோதனைத் திட்டத்தின்வழிச் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் பெண்களின் ஆய்வு, 1940ஐ ஒட்டிப் பிறந்த பெண்களே வாழ்நாள் முழுதும் புகைத்த முதல் தலைமுறை என்றும், அவர்களும் குறைந்தது பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர் என்றும் காட்டியது. அது 2012 அக்டோபரில், டாலின் நூற்றாண்டையொட்டி வெளியிடப்பட்டது. 2005இல் மறைந்த டால் அதனைக் காணவில்லை.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டளவில் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு, மார்பகப் புற்றுநோய் இறப்பை விஞ்சியது. 1980ஆம் ஆண்டுத் தலைமை அறுவை மருத்துவர் அறிக்கை முழுவதும் பெண்களைப் பற்றியதாக அமைந்து இதனை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. முதல் அறிக்கைக்கும் இதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள்.

தாதியர் பட்டியலும் படைத்துறைப் பெண்களும்

பெண்களுக்கென அமைந்த பெரும் தொடர்நோக்கு ஆய்வு 1976இல் பிராங்க் சுபைசர் தொடங்கிய தாதியர் நல ஆய்வாகும். கருத்தடை மாத்திரையின் நெடுநாள் விளைவை அறிதலே அதன் முதல் நோக்கம். தாதியர் தெரிந்தெடுக்கப்பட்ட காரணம் நமக்கு இப்போது பழக்கமானதே: பதினொரு மாநிலங்களில் பதிவு பெற்ற தாதியரின் பட்டியல் இருந்தது, மருத்துவ வினாக்களுக்குப் பிழையின்றி விடையளிக்கவும் அவர்களால் இயலும். மணமான, முப்பது முதல் ஐம்பத்தைந்து வயது வரையிலான 1,21,700 பேர் இணைந்தனர். மருத்துவர் பதிவேடு ஆடவரைத் தந்ததைப்போலத் தாதியர் பதிவேடு பெண்டிரைத் தந்தது. பாலினம்வழித் தொழில்கள் பிரிக்கப்பட்ட ஒரு சமூகத்தில் தொழிற்பட்டியலும் பாலினப்பட்டியலாகவே இருக்கும்.

இவ்வாய்விலிருந்து 1987இல் வால்டர் வில்லெட் முதலியோர் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு சிகரெட்டுகள் மட்டுமே புகைத்த பெண்களுக்கும் இதய நோயாபத்து, புகைக்காதவரைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. 'எப்போதாவது ஒன்றிரண்டு' என்பதற்கு அறிவியல் அளித்த விடை இது.

பெண்ணும் படைவீரரும் ஒருவரேயானபோது நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்கப் பெண்களுள் பெரும்பான்மையோர் தாதியர். போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1986இல்தான், அவர்களது நலத்தை ஆராயுமாறு அமெரிக்கப் பேராயம் சட்டத்தின்வழிப் பணித்தது. அப்போது எழுந்த முதல் இடர், அப்பெண்களுக்குத் தனிப்பட்டியல் இல்லாமை. படைப்பிரிவு ஆவணங்களைத் துருவிப் பெயர் பெயராகத் திரட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு திரட்டிய பட்டியலைக் கொண்டு ஹான் காங் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வியட்நாமில் பணியாற்றிய பெண்களின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள், அங்குச் செல்லாத படைத்துறைப் பெண்களின் பிள்ளைகளைவிட மிகுதி எனக் கண்டது. முதல் உலகப்போர் ஆடவரின் காப்புறுதி ஏடு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்தவுடன் கிடைத்ததையும் இதனையும் ஒப்புநோக்குதல் தகும்.

1990களில் தொடங்கிய பெண்கள் நல முன்னெடுப்பு என்னும் பேராய்வில் 1,61,808 பெண்கள் பங்கேற்றனர். அவர்களிடம் படைத்துறைப் பணி பற்றிய ஒரு வினாவும் கேட்கப்பட்டிருந்தது. அவ்வொரு வினாவால் ஏறத்தாழ 3,700 முன்னாள் படைவீரப் பெண்கள் இனங்காணப்பட்டனர். 2015ஐ ஒட்டி வெளிவந்த பகுப்பாய்வுகள், அவருள் புகைத்த அனுபவம் உடையோர் மிகுதி என்றும் அவர்தம் இறப்பு வீதமும் ஓரளவு உயர்ந்திருந்தது என்றும் காட்டின. வினாப்பட்டியலில் ஒரு வரி இல்லாதிருந்தால் இப்பெண்கள் அங்கும் கரைந்து போயிருப்பர்.

புகைக்காத மனைவியர்

யப்பானில் தக்கேசி கிராயாமா மேற்கொண்ட ஆய்வு முற்றிலும் வேறு கோணத்தில் பெண்ணைக் கண்டது. 1965ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, 29 சுகாதார நிலைய வட்டாரங்களில் குடும்பம் குடும்பமாகத் தகவல் திரட்டப்பட்டது. யப்பானிய ஆடவர் மிகுதியாகப் புகைத்தனர். பெண்கள் பெரும்பாலும் புகைக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பட்டியலில் இருந்தமையால் கணவனின் பழக்கத்தையும் மனைவியின் இறப்பையும் இணைத்து நோக்க இயன்றது. 91,540 புகைக்காத மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1981இல் அவர் அறிவித்த முடிவு: நாளொன்றுக்கு இருபதும் அதற்கு மேலும் புகைத்த கணவரின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. புகையிலை நிறுவனங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. அதே ஆண்டில் கிரேக்கத்திலிருந்தும் ஒத்த முடிவு வெளிவந்தது. தனிமனிதரைப் பட்டியலிட்ட மேலைநாட்டு ஏடுகள் காட்டாததைக் குடும்பத்தைப் பட்டியலிட்ட ஏடு காட்டிற்று.

நம் வட்டாரமும் மென்ற புகையிலையும்

சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர் நோய்க்கூற்றியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம் (1921-2018) ஆவார். 1968 முதல் அங்குக் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் இனவாரியாகவும் பாலினவாரியாகவும் பதியப்பட்டன. அவ்வேட்டின்வழிச் சீனப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் எதிர்பாராத அளவு மிகுந்திருப்பது புலப்பட்டது. அவருட் பலர் புகைக்காதவர். 1977இல் அவரும் மற்றோரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. 1993 முதல் 1998 வரை தொடங்கப்பெற்ற பெருந்தொடர்நோக்கு ஆய்வோ 63,257 சீனரை மட்டும் கொண்டது. உணவுப்பழக்கத்தை நுணுக்கமாக அளக்க ஒரே இனத்தைத் தெரிந்தெடுத்தனர், அதில் தவறில்லை. அவ்வாய்வின் எண்களைச் சிங்கப்பூர் மக்கள் அனைவர்க்கும் உரியனவாக மேற்கோள் காட்டும்போதுதான் விழிப்புத் தேவைப்படுகிறது.

இதுவரை கூறப்பட்டவை புகைத்த புகையிலை பற்றியன. தமிழ்ப் பெண்களின் புகையிலை வரலாறு பெரும்பாலும் வெற்றிலைத் தட்டைச் சார்ந்தது. 'புகைப்பவரா?' என்னும் வினாவிற்கு 'இல்லை' என விடையளித்த பெண்ணின் மடியில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் இருந்திருக்கக்கூடும். சிகரெட்டை அளவுகோலாகக் கொண்ட எந்த வினாப்பட்டியலும் அவரை ஆபத்தற்றவர் பட்டியலிலேயே சேர்க்கும். இத்தனைக்கும் இத்தொடர்பு பழமையானது. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய நெய்யூர் மருத்துவமனையிலிருந்து 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய அறிக்கை 1908இலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. 1933இல் அதே வட்டாரத்து வெற்றிலை மெல்வோரிடையே வாய்ப்புற்றுநோய் பற்றி ஐ. எம். ஆர் எழுதினார். டாலும் ஹில்லும் எழுதுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னர் இது நிகழ்ந்தது. ஆயினும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவம் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றூக்கி என வகைப்படுத்தியது 1985இல். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் அவ்வாறே வகைப்படுத்தியது 2004இல்.

தமிழகத்திலேயே 2003இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வும் ஆடவரையே எண்ணியது. வெ. கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆடவரின் குடும்பத்தாரைக் கண்டு, உயிருடன் இருந்த 35,000 ஆடவரோடு ஒப்பிட்டனர். நகர்ப்புறத்தில் புகைப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கரை மடங்கு என்னும் அதன் முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. தமிழகப் பெண்கள் புகைப்பது அரிது என்பதால் அவர்கள் சேர்க்கப்படவில்லை. 2008இல் பிரபாத் ஜா முதலியோர் இந்தியா முழுமைக்கும் வெளியிட்ட ஆய்வு பெண்களையும் எண்ணியது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முப்பது முதல் அறுபத்தொன்பது வயதுப் பெண்களுள் புகைத்தோர் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினரே. ஆயினும் புகைத்த பெண் இழந்த ஆயுள் சராசரி எட்டாண்டு. பீடி புகைத்த ஆடவன் இழந்தது ஆறாண்டு. 'அரிது' என்பதும் 'தீங்கற்றது' என்பதும் வேறுவேறு எனக் காட்ட இவ்வெண்கள் போதும்.

மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் பற்றிய ஏடுகள் இருந்தன. அவை உழைப்பையும் கூலியையும் குறித்தன, வாயில் அடக்கிய புகையிலையைக் குறிக்கவில்லை. தீவகற்ப மலேசிய வாய்ப்புற்றுநோயில் இனவேறுபாடு பற்றிய ஆய்வு 1976இல் வெளிவந்து, இந்தியரிடையே அந்நோய் அவர்தம் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவு மிகுந்திருப்பதைச் சுட்டியது. 2002ஆம் ஆண்டுக்குரிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் முதல் அறிக்கையிலும், இந்தியப் பெண்களின் வாய்ப்புற்றுநோய் வீதம் பிற இனப் பெண்களினும் பன்மடங்கு உயர்ந்து நின்றது. இவ்விரண்டிற்கும் இடையே 1993-94இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடைபெற்றது. எடுத்தாளத்தக்க காப்புறுதி ஏடோ தொழிற்பதிவேடோ அதற்கு இல்லை. பயிற்சி பெற்ற பல்மருத்துவர்கள் 11,697 பேரின் வாயைத் திறக்கச் செய்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் அடியையும் ஒவ்வொருவராகப் பார்த்துக் குறித்தனர்.